சைனால இருந்து லைன் திரும்பி வருது, ஓட்ட ஆளு எங்க?

#1 டேட்டன்_டைகாஸ்ட்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இப்ப வேற வழியில்லாம கேக்கறேன். ஒஹையோ, டேட்டன் பக்கம் வேலை, மேனுஃபாக்சரிங் இன்ஜினியர். எங்க கம்பெனி (பேர் வேணாமே) ஒரு காலத்துல அலுமினியம் டை காஸ்டிங் (உருக்குன அலுமினியத்த டைங்கற அச்சுல அழுத்தி பார்ட் எடுக்கறது) இங்கயே பண்ணிட்டு இருந்தது, அப்புறம் ஊரோட ஒத்து எல்லாத்தையும் சைனாவுக்கு அனுப்பிட்டு இங்க அசெம்பிளியும் பேக்கிங்கும் மட்டும் வெச்சிக்கிட்டாங்க. இப்போ டாரிஃப், கன்டெய்னர் வாடகை, கஸ்டமர் தொல்லை எல்லாம் சேர்ந்து ஒரு செட் பார்ட்டை திரும்ப இங்கயே பண்றதுன்னு முடிவாயிடுச்சு. ஷெட் ரெடி. மெஷினுக்கு பிஓ (ஆர்டர்) போட்டாச்சு. ஆளுக்கு என்ன பண்றதுன்னு மீட்டிங்ல கேட்டா "அதெல்லாம் எச்ஆர் பாத்துப்பாங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க.

எச்ஆர் போட்ட விளம்பரத்தை பாத்து சிரிக்கறதா அழறதான்னு தெரியல. "டை காஸ்டிங் செட்டர் தேவை, குறைந்தது 5 வருட அனுபவம்". செட்டர்னா டைய மெஷின்ல மாட்டி செட் பண்றவன். யோவ், இந்த சுத்துவட்டாரத்துல அந்த வேலைய கடைசியா மூடுனதே நாமதான். அப்ப பொறந்த குழந்தை இப்ப ஹைஸ்கூல் போகுது. அஞ்சு வருஷ அனுபவத்தோட ஒருத்தன் எங்க இருந்து குதிப்பான்?

இந்த மாதிரி திரும்பி வந்த லைன்ல வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அரசியல் வேணாம், டிரம்ப் பைடன் சண்டைக்கு வேற இழை இருக்கு.

#2 பிஎல்சி_பையன்

ப்ரோ இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன். ஸ்ப்ரே பண்ண ரோபோ, பார்ட் எடுக்க ரோபோ, பிசிறு வெட்டற ட்ரிம் ப்ரெஸ்ஸுக்கு ரோபோ. ஆளே வேணாம், ரெண்டு டெக்னீஷியன் போதும்.

#3 டேட்டன்_டைகாஸ்ட்

அந்த ரெண்டு டெக்னீஷியன் தான் ப்ரோ கிடைக்கல 😂

#4 லூயிவில்_லோகு

இந்த கதைய எங்க ஊர்ல ஏற்கனவே ஓட்டி பாத்தாச்சு. கென்டக்கி லூயிவில்ல ஜிஇ கம்பெனியோட அப்ளையன்ஸ் பார்க்னு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பண்ற ப்ளான்ட் ஒன்னு இருக்கு, 1950கள்ல கட்டுனது, 1973ல 23,000 பேர் வேலை பாத்த இடம். 2011ல லைன்ல நின்னவங்க 2,000 பேர் கூட இல்ல. 2012ல சைனால பண்ணிட்டு இருந்த ஜியோஸ்ப்ரிங்னு ஒரு வாட்டர் ஹீட்டர திரும்ப இங்க கொண்டு வந்தாங்க. அதுல எனக்கு பிடிச்ச விஷயம் என்னன்னா, பழைய டிசைன பிரிச்சு பாத்தா உள்ள காப்பர் ட்யூப் சிக்கலா சுத்தி சுத்தி போகுது, வெல்டிங் பண்றவன் கைய எங்க விடறதுன்னே தெரியாது. அங்க கை நெறைய ஆளு இருந்ததால அது யாருக்கும் ஒரு பிரச்சனையா தெரியல. இங்க டிசைனர், மேனுஃபாக்சரிங் இன்ஜினியர், லைன்ல நிக்கறவங்க, சேல்ஸ் ஆளு எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சு திரும்ப டிசைன் பண்ணாங்க. சைனால ஒரு ஹீட்டருக்கு 10 மணி நேர வேலை, இங்க 2 மணி நேரம் ஆச்சு. மெட்டீரியல் செலவு கால்வாசி கொறஞ்சுது. கடை விலைய 1,599 டாலர்ல இருந்து 1,299க்கு இறக்குனாங்க.

ஆனா மறுபக்கமும் சொல்லணும்ல. யூனியனோட பேசி புதுசா சேர்றவங்களுக்கு மணிக்கு 13 டாலர் சொச்சம்னு வெச்சாங்க, பக்கத்துல நிக்கற பழைய ஆளுக்கு 20க்கு மேல. ஃபோர்டுக்கு ரெண்டு ப்ளான்ட்டு, யூபிஎஸ்ஸோட பெரிய ஏர் ஹப்பு, இவ்ளோ இருக்கற ஊர்ல அந்த காசுக்கு ஆள சேக்கலாம், நிறுத்தி வெக்க முடியாது. கடைசில 2016ல அந்த பிசினஸையே சைனாவோட ஹையர் கம்பெனி வாங்கிடுச்சு, 5.6 பில்லியன் டாலர். ஜியோஸ்ப்ரிங்கும் அதே வருஷம் நின்னுபோச்சு. வேடிக்கை என்னன்னா 2025ல அதே சைனா கம்பெனி கீழ இருக்கற ஜிஇ அப்ளையன்ஸஸ் தான் வாஷிங் மெஷின் லைன சைனால இருந்து லூயிவில்லுக்கு மாத்தறோம், 490 மில்லியன் போடறோம், 800 வேலைன்னு அறிவிச்சுது.

அதனால உனக்கு சொல்றது, ட்ராயிங்க அப்படியே இங்க கொண்டு வந்து ஆள் தேடாத. எந்த பார்ட்டுக்கு கை வேலை ஜாஸ்தியோ அத முதல்ல மாத்து, அப்புறம் எத்தன பேர் வேணும்னு எண்ணு.

#5 வெட்டி_விவாதி

என்ன பண்ணாலும் அமெரிக்காக்காரனுக்கு உடம்பு வளையாது பாஸ். ரெண்டு நாள் வருவான், மூணாவது நாள் காணாம போயிடுவான். நம்ம ஊரு பசங்களோ சைனாக்காரனோ மாதிரி வராது. உண்மைய சொன்னா கசக்கும்.

#6 ஷிஃப்ட்2_செல்வி

@வெட்டி_விவாதி அண்ணா, நான் இண்டியானால ப்ளாஸ்டிக் மோல்டிங் கம்பெனில செகண்ட் ஷிஃப்ட் லீடு. மூணாவது நாள் காணாம போறவங்கள நானும் நெறைய பாத்திருக்கேன். ஏன் போறாங்கன்னு கேட்டும் பாத்திருக்கேன், நீங்க கேட்டீங்களா?

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் 6 மணிக்கு. எங்க ஏரியால டேகேர் தெறக்கறது 6:30. ஒரு பொண்ணு, கை அவ்ளோ சுத்தம், ஸ்க்ராப்பே வராது, அம்மா பாத்துக்கிட்டதால வந்துட்டு இருந்தா. அம்மாவுக்கு உடம்பு முடியாம போச்சு, லேட் பாயின்ட் ஏறி ஏறி ஆளையே தூக்கிட்டாங்க. அந்த இடத்துக்கு ஆள் தேடி, டெஸ்ட் எடுத்து, சொல்லிக்குடுத்து, அதுவரைக்கும் மத்தவங்களுக்கு ஓவர்டைம் போட்டு ஆன செலவ யாரும் கணக்கு போடல. அவளுக்கு மட்டும் 6:45க்கு வான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. அப்புறம் இந்த ஓவர்டைம். வெள்ளிக்கிழமை மத்தியானம் போர்டுல எழுதுவாங்க, நாளைக்கு காலைல எல்லாரும் வரணும், கட்டாயம். பையனுக்கு சனிக்கிழமை மேட்ச் இருக்குன்னு ஒருத்தர் சொன்னா அவர் "ஆட்டிட்யூட் சரியில்ல". ரோட்டுக்கு அந்தப்பக்கம் வேர்ஹவுஸ்ல அதே சம்பளம், ஏசி வேற, ஷிஃப்ட்ட அவங்களே போன்ல எடுத்துக்கலாம். 680 டிகிரில உருகுன அலுமினியம் பக்கத்துல நிக்கறதுக்கு அத விட ஒரு டாலராவது ஜாஸ்தி குடுக்க வேணாமா?

அமெரிக்கால சிப் ஃபாக்டரி போடறதுக்கான சிப்ஸ் சட்டத்துல மானியம் குடுக்கறப்ப 150 மில்லியன் டாலருக்கு மேல கேக்கற கம்பெனி குழந்தை பராமரிப்புக்கு என்ன ஏற்பாடுன்னு எழுதிக் குடுக்கணும்னு 2023ல வெச்சாங்க. நெறைய பேர் கிண்டல் பண்ணாங்க, சிப்புக்கும் டேகேருக்கும் என்னடா சம்பந்தம்னு. ஃப்ளோர்ல நின்னவங்க யாரும் கிண்டல் பண்ணல.

#7 பிஎல்சி_பையன்

அக்கா நீங்க சொல்றது சரி, ஆனா அதனாலதான் சொல்றேன் ரோபோ. அதுக்கு டேகேர் வேணாம், ஓவர்டைமும் வேணாம்.

#8 சாண்ட்லர்_சாம்பார்

தம்பி, அடிடாஸ் அப்படித்தான் நெனச்சான். ஜெர்மனில அன்ஸ்பாக்ல ஒன்னு, அட்லாண்டா பக்கத்துல ஒன்னுன்னு ஸ்பீட்ஃபாக்டரி போட்டான், ஆளு கம்மி, ரோபோ ஜாஸ்தி, ஷூ தயாரிப்பு வீடு திரும்புதுன்னு ஒரே பேச்சு. 2019 கடைசில மூடறோம்னுட்டான், 2020ல ரெண்டும் க்ளோஸ், அந்த டெக்னாலஜிய வியட்நாம் சைனா சப்ளையர் கிட்டயே குடுத்தாச்சு. மெஷின் எங்க வேணா வாங்கலாம். அத தினமும் ட்யூன் பண்றவனும், அவனுக்கு பக்கத்துலயே பார்ட் சப்ளை பண்றவனும் கூட்டமா ஒரே இடத்துல இருந்தா தான் ஓடும்.

ஆப்பிள் கதை தெரியும்ல? ஆஸ்டின்ல மேக் ப்ரோ அசெம்பிள் பண்ணப்போ ஒரு சின்ன ஸ்க்ரூவுக்கு அல்லாடுனாங்க, அங்க கிடைச்ச மெஷின் ஷாப்புல 20 பேர், ஒரு நாளைக்கு 1,000 ஸ்க்ரூ தான் அவங்களால முடிஞ்சுது. சைனால அது ஒரு போன் கால்.

சரி, நான் சொல்ல வந்தது அரிசோனா. நான் செமிகண்டக்டர்ல தான் இருக்கேன், தைவான் சிப் கம்பெனி டிஎஸ்எம்சில இல்ல, ஆனா அக்கம்பக்கம் எல்லாம் அங்க. 2020 மே மாசம் டிஎஸ்எம்சி இங்க ஃபாப் (சிப் ஃபாக்டரி) போடறோம்னு அறிவிச்சாங்க, 12 பில்லியன் டாலர், 2024ல சிப் வரும்னு. 2023 ஜூலைல சேர்மனே சொன்னார், மெஷின் இறக்கி வெக்கற அளவுக்கு அனுபவம் உள்ள ஆளு பத்தல, 2025 ஆகும், தைவான்ல இருந்து ஆளக் கொண்டு வர்றோம்னு. உடனே இங்க கட்டுமான யூனியன்காரங்களுக்கு கோபம், எங்க ஆளுக்கு வேலை தெரியாதுன்னு சொல்லி விசால ஆள் எறக்கறியா, சேஃப்டி சரியில்லாம வெச்சிருக்கறது நீதானேன்னு. பேசிப் பேசி அந்த டிசம்பர்ல தான் ஒப்பந்தம் ஆச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சுன்னு தான் நான் சொல்லுவேன். கட்டடம் கட்டறதுல இங்க இருக்கறவன் கில்லாடி, ஆனா ஃபாப்ல அந்த டூல இறக்கி பைப் லைன் குடுத்து லெவல் பண்றது அங்க திரும்பத் திரும்ப பண்ணவன் கையில இருக்கு. பக்கத்துல நின்னு பண்ணாதான் வரும்.

அதே நேரம் மாரிகோபா கம்யூனிட்டி காலேஜ்ல குயிக் ஸ்டார்ட்னு 10 நாள் கோர்ஸ் ஆரம்பிச்சாங்க, டெக்னீஷியனுக்கு. நல்ல ஐடியா, ஹோட்டல்காரன், டெலிவரி பண்றவன், வீட்டுல இருந்த அம்மாக்கள் எல்லாம் சேந்து படிச்சாங்க, பன்னி சூட் (ஃபாப்புக்குள்ள தூசி போகாம இருக்க போடற முழு உடுப்பு) போட்டு பழகுனாங்க. ஆனா ஃபாப் தள்ளிப் போச்சா, படிச்சு முடிச்சவங்க பல பேர் சர்டிபிகேட்ட வெச்சிக்கிட்டு காத்திருந்தாங்க. ஆள ரெடி பண்றதும் லைன் ரெடியாகறதும் ஒன்னா வரணும். முன்னாடி வந்தா போயிடுவான், பின்னாடி வந்தா மெஷின் சும்மா நிக்கும்.

வேலைக்கு எடுத்த இன்ஜினியர்கள தைவான்ல இருக்கற தைனானுக்கு அனுப்பி ஒரு வருஷம் ஒன்னரை வருஷம்னு பழக்குனாங்க. அங்க வேலை நேரம், ராத்திரி போன், மேலதிகாரி பேசற விதம் இதெல்லாம் ஒத்துக்காம திரும்பி வந்தவங்களும் உண்டு, அது பெரிய பஞ்சாயத்து. ஆனா நின்னவங்க கத்துக்கிட்டாங்க. 2024 கடைசில 4 நானோமீட்டர் உற்பத்தி ஆரம்பிச்சு, ஈல்டு (நல்லதா தேர்ற சிப்போட விகிதம்) தைவான் ஃபாப்புக்கு சமமா வருதுன்னு கம்பெனியே சொல்லுச்சு. வளையாத உடம்பு எப்படி வளஞ்சுது @வெட்டி_விவாதி?

#9 வெட்டி_விவாதி

ஒரு கமென்ட் போட்டா ஊரே சேர்ந்து அடிக்கறீங்களேய்யா. சரி சரி. விசால ஆள் கொண்டு வர்றது ஈசிதானே, எதுக்கு இவ்ளோ சுத்து?

#10 சாண்ட்லர்_சாம்பார்

எச்1பி விசா டிகிரி வேலைக்கு, மெஷின் செட்டருக்கு இல்ல. பி1ங்கற பிசினஸ் விசால வந்து வெளிநாட்டுல வாங்குன மெஷின நிறுவிக் குடுக்கலாம், கட்டுமான வேலைய கையால செய்யக் கூடாது. அந்த கோடு எங்கன்னு தெரியாம போனா என்ன ஆகும்னு ஜார்ஜியால பாத்தோமே, 2025 செப்டம்பர்ல ஹூண்டாய் எல்ஜி பேட்டரி சைட்டுல ரெய்டு வந்து 475 பேர பிடிச்சாங்க, 300க்கு மேல கொரியாக்காரங்க. கை கால்ல சங்கிலி போட்ட வீடியோ கொரியால ஓடுனப்புறம் அங்க எவ்ளோ கோபம். பேட்டரி லைன நிறுவத் தெரிஞ்சவங்கள விமானத்துல திருப்பி அனுப்பிட்டு லைன் எப்ப ஓடும்னு கேட்டா எப்படி.

#11 மிச்சிகன்_மாமா

தம்பி டேட்டன், இப்பத்தான் பாத்தேன். நான் கோயமுத்தூர்ல டூல் ரூம்ல ஆரம்பிச்சு இங்க வந்து டை ஷாப்புலயே தலை நரைச்சவன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோ.

ஒரு கம்பெனில (பேர் விடு) இதே மாதிரி டைய வெளிநாட்டுல இருந்து திருப்பிக் கொண்டு வந்தாங்க. டை வந்துச்சு, ட்ராயிங் வந்துச்சு, ப்ராசஸ் ஷீட்டும் வந்துச்சு. முதல் ஷாட்டு, டையோட ரெண்டு பாதியும் சேர்ற பார்ட்டிங் லைன் பூரா ஃப்ளாஷ், அதாவது பிசிறு. ரெண்டாவது நாள் ஒரு ஓரத்துல போராசிட்டி (உள்ள காத்துக் குழி), மெஷினிங்ல போய் ஓட்டை தெறக்குது. ஷீட்ல இருக்கற அதே ஸ்பீடு, அதே ப்ரெஷரு. ரெண்டு வாரம் சண்டை. கடைசில டைய கழட்டி பாத்தா உள்ள மாட்டற இன்சர்ட்டுக்கு அடில ஷிம்னு மெல்லிசு தகடு வெச்சிருக்கான், ஒரு மூலைல வெல்டு அடிச்சு கையால ராவியிருக்கான், எதுவும் ட்ராயிங்ல கிடையாது. அங்க ஓட்டுனவன் அந்த மூலைல மட்டும் ஸ்ப்ரேய கொஞ்சம் கம்மியா அடிச்சு டைய சூடா வெச்சு ஓட்டியிருக்கான். அது அவன் கைக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம், எந்த பேப்பர்லயும் இல்ல. டைய கப்பல்ல ஏத்தலாம், அவன ஏத்த முடியுமா?

அதனால முதல் வேலை, சப்ளையர் கிட்ட நல்லபடியா இருக்கறப்பவே உன் ஆளு ரெண்டு பேர அங்க அனுப்பி லைன் பக்கத்துல நிக்க வை. இன்ஜினியர மட்டும் அனுப்பாத, இங்க மெஷின ஓட்டப்போறவனையும் அனுப்பு. ஆர்டர நிறுத்தறோம்னு சொல்லிட்டு அப்புறம் போனா டீ கூட குடுக்க மாட்டான்.

ரெண்டாவது, உன் ஊர்ல அந்த லைன் மூடுனப்ப வேலை பாத்த பெருசுங்க எங்கயாவது இருப்பாங்க, மீன் பிடிச்சிட்டோ பேரன பாத்துக்கிட்டோ. டேட்டன் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) ஊருப்பா, மொரைன் ப்ளான்ட்ட 2008 டிசம்பர்ல மூடுனான், கார் பார்ட் பண்ற டெல்ஃபை போச்சு, அத்தன டூல் அண்ட் டை ஆளுங்க. ஒருத்தர் ரெண்டு பேர கண்டுபிடிச்சு அரை நாள் வேலைக்கு கூப்பிடு. ப்ரொடக்ஷன் குடுக்காத. சொல்லிக்குடுக்கறது மட்டும்தான் வேலைன்னு எழுதிக் குடு. நான் பாத்த இடத்துல எல்லாம் அப்படி கூப்பிட்ட பெருச அவசரத்துக்கு மெஷின்ல நிக்க வெச்சிட்டு சின்னப் பசங்கள தனியா விட்டுடுவான், ரெண்டும் கெட்டுச்சு.

மூணாவது அப்ரென்டிஸ். டூல் அண்ட் டைக்கு 8,000 மணி நேரம், நாலு வருஷம், இத சுருக்க வழி இல்ல. ஆனா செட்டருக்கும் மெயின்டனன்ஸுக்கும் அவ்ளோ வேணாம். கென்டக்கில டொயோட்டா 2010ல ஃபேம்னு ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சது, இப்ப பல ஸ்டேட்ல பல கம்பெனி சேர்ந்து நடத்தறாங்க. வாரத்துல ரெண்டு நாள் காலேஜ், மூணு நாள் ப்ளான்ட்ல சம்பளத்தோட வேலை, அஞ்சு செமஸ்டர்ல அசோசியேட் டிகிரி. பையன் கடன் இல்லாம வெளிய வரலாம். உன் கம்பெனி சின்னதுன்னா தனியா பண்ண முடியாது, பக்கத்து ஷாப்பு நாலு பேரோட சேரணும், அவன் என் ஆள இழுத்துடுவான்னு பயப்படறவனுக்கு ஆளே இருக்க மாட்டான்.

நீ கேக்காத ஒன்னு. கணக்கு. சீமென்ஸ் சார்லட்ல கேஸ் டர்பைன் ப்ளான்ட்டுக்கு 800 வேலைன்னு சொன்னப்ப 10,000 பேர் வந்தாங்க, ஒன்பதாம் கிளாஸ் அளவு வாசிப்பு, எழுத்து, கணக்கு டெஸ்ட் வெச்சா 15 சதவீதம் கூட தேறல. அவங்க என்ன பண்ணாங்க, கம்யூனிட்டி காலேஜோட சேர்ந்து ஹைஸ்கூல்லயே பசங்கள பிடிச்சு அப்ரென்டிஸ் ஆக்குனாங்க. நீ இன்டர்வ்யூல ரெஸ்யூமே கேக்காத. ஒரு மைக்ரோமீட்டரையும் பின்னையும் கைல குடு, எப்படி படிக்கறதுன்னு பத்து நிமிஷம் சொல்லிக்குடு, அப்புறம் அவனையே அளக்க விடு. தப்பா படிச்சாலும் பரவால்ல, திரும்ப ஒரு தடவ அளந்து பாக்கறானா, சந்தேகம் கேக்கறானான்னு பாரு. நான் எடுத்ததுல நல்லா வந்தவன் ஒருத்தன் பீட்சா கடைல ஓவன் பாத்துக்கிட்டு இருந்தவன்.

#12 டேட்டன்_டைகாஸ்ட்

மாமா, கால்ல விழுந்துட்டேன் 🙏 அந்த ஷிம் கதைய படிச்சிட்டு வயித்த கலக்குது, எங்க டை ஒன்னு ரெண்டு இல்ல. மொரைன் ப்ளான்ட்ல இப்ப ஃபூயாவோ கண்ணாடி ஓடுது, சைனா கம்பெனி. அங்க ஆரம்பத்துல ஜிஎம்ல வாங்குனதுல பாதி கூட இல்லாத சம்பளத்துக்கு ஆள் எடுத்தாங்க, 2017ல யூனியன் வேணுமான்னு ஓட்டு வெச்சு 444க்கு 868னு தோத்துச்சு, அந்த கசப்பு இன்னும் ஊர்ல இருக்கு. திரும்ப வாங்கன்னு கூப்பிட்டா பெருசுங்க முதல்ல கேக்கறதே "எத்தன வருஷத்துக்கு? அப்புறம் திரும்ப மெக்சிகோவுக்கா?"ன்னு தான். என்னால என்ன பதில் சொல்ல முடியும், என் கைல இருக்கா அது.

#13 குமமோட்டோ_குமரன்

ஜப்பான்ல இருந்து ஒரு குறிப்பு. இங்க கிகுயோ டவுன்ல டிஎஸ்எம்சியோட ஜாஸ்ம் ஃபாப், 2022 ஏப்ரல்ல கட்ட ஆரம்பிச்சு 2024 பிப்ரவரில திறப்பு விழா. அரிசோனாவோட ஒப்பிட்டு ஜப்பான்காரன் சூரன்னு எழுதறாங்க, பாதி தான் உண்மை. பக்கத்துலயே சோனி ஃபாப் பல வருஷமா ஓடுது, சோனி அதுல பார்ட்னரும் கூட, க்யூஷு பூரா சிப் சப்ளையர், 15 வயசுல சேர்ந்து அஞ்சு வருஷம் படிக்கற கோசென் காலேஜ் இருக்கு. திரும்பக் கூப்பிட வேண்டிய ஆளு இல்ல, இங்கயே இருந்த ஆளு. ஆனா ஜாஸ்ம் டிகிரி முடிச்சவனுக்கு ஆரம்ப சம்பளம் 2,80,000 யென் குடுத்ததும் பக்கத்து சின்ன கம்பெனிக்காரங்க எல்லாம் தலைல கை வெச்சிட்டாங்க. நீங்க ஒரு டாலர் ஏத்துனா பக்கத்து ஷாப்பு உங்கள திட்டும், அதுக்கும் தயாரா இருங்க.

#14 ஓசூர்_ஓரம்

நம்ம பக்கம் இது திரும்பி வர்ற கதை இல்ல, புதுசா வர்ற கதை, ஆனா மாமா சொன்னது அப்படியே பொருந்துது. 2025ல ஃபாக்ஸ்கான் ஐபோன் ப்ளான்ட்ல இருந்து சைனா இன்ஜினியர் 300 பேருக்கு மேல திரும்ப கூப்பிட்டுக்கிட்டாங்க, சொல்லிக்குடுக்கற ஆள நிறுத்துனா போதும்னு சைனாக்காரனுக்கு தெரியும். அப்புறம் செல்வி அக்கா டேகேர் சொன்னாங்க, இங்க அதே பிரச்சனைக்கு ஹாஸ்டல். வல்லம் வடகால்ல 18,720 பொண்ணுங்க தங்கற மாதிரி சிப்காட் கட்டிக் குடுத்தது, 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. கல்யாணம் ஆனா ஹாஸ்டல விட்டு போயிடறாங்க, கத்துக்கிட்டதும் கூடவே போயிடுது, அதுக்கு இங்க யாரும் இன்னும் வழி பண்ணல.

#15 ஷிஃப்ட்2_செல்வி

@டேட்டன்_டைகாஸ்ட் அந்த பெருசுங்க கேக்கறதுக்கு உங்க மேனேஜ்மென்ட்ட எழுத்துல பதில் குடுக்க சொல்லுங்க. கஸ்டமரோட எத்தன வருஷ கான்ட்ராக்ட் இருக்கு, அத சொல்லலாம்ல? எங்க கம்பெனில அத கேன்டீன் போர்டுல ஒட்டுனாங்க. பெரிய விஷயம் ஒன்னும் இல்ல, ஒரு பேப்பர்தான், ஆனா அதுக்கப்புறம் வதந்தி கொறஞ்சுது. இன்னொன்னு, சூப்பர்வைசர பாத்து போடுங்க. புது ஆளு கேள்வி கேட்டா எரிஞ்சு விழற ஒரே ஒரு ஆளு போதும், நீங்க பண்ற அத்தன ட்ரெய்னிங்கும் குப்பைல.

#16 டேட்டன்_டைகாஸ்ட்

அப்டேட். இந்த இழைல இருந்து சுட்டு ஒரு பக்கம் எழுதி எங்க வைஸ் ப்ரெசிடென்ட் கிட்ட குடுத்தேன். அஞ்சு வருஷ அனுபவம்ங்கற வரிய தூக்கிட்டாங்க. "பயிற்சி காலத்திலும் முழு சம்பளம்"னு போட்டிருக்காங்க, ஆனா எவ்ளோன்னு நம்பர் போட மாட்டேங்கறாங்க, அதுக்கு இன்னும் சண்டை போயிட்டு இருக்கு. ஷிஃப்ட் டைமிங்க 6:45க்கு மாத்தறது முடியாதுன்னுட்டாங்க, அசெம்பிளி லைனோட ஒத்துப் போகாதாம். லோகு அண்ணா சொன்ன ரீடிசைன், கஸ்டமர் அப்ரூவல் எடுக்க ஒரு வருஷம் ஆகும், அதனால முதல் டை செட்டுக்கு கிடையாது, அடுத்ததுல பாக்கலாம்னாங்க. சப்ளையர் ப்ளான்ட்டுக்கு ஆள் அனுப்ப ஓகே. நானும் மெயின்டனன்ஸ் ஆள் ஒருத்தரும் போறோம். செட்டரா யார அனுப்பறது, இன்னும் ஆளே எடுக்கலயே!

#17 மிச்சிகன்_மாமா

அசெம்பிளில இருந்து ஒருத்தன தூக்கு. தினம் லைன் நின்னா முதல் ஆளா என்ன ஆச்சுன்னு எட்டிப் பாக்கறவன் ஒருத்தன் இருப்பான்ல, அவன். பாஸ்போர்ட் இருக்கான்னு இன்னைக்கே கேளு, இங்க பாதி பேருக்கு இருக்காது, அப்ளை பண்ணா வர வாரக்கணக்குல ஆகும், அப்புறம் சைனா விசா வேற.

போறப்ப ஒவ்வொரு டைக்கும் ஷாட் கவுன்ட், ரிப்பேர் ரெக்கார்டு, கடைசியா ஓட்டுன ஷாட்டோட பார்ட்ட ரன்னரோட (உலோகம் ஓடி வந்த வழில உறைஞ்சது) வெட்டாம அப்படியே கேளு. ரன்னர் முனைல உறைஞ்சு நிக்கற வட்டத் துண்டு, பிஸ்கட்டுனு சொல்லுவோம், அதோட தடிமன் பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். சான்டூஸ்கி பக்கம் எனக்கு தெரிஞ்ச ரிட்டயர்டு டை செட்டர் ஒருத்தர் இருக்கார், டேட்டன் வரைக்கும் வருவாரான்னு கேட்டு உனக்கு தனி மெசேஜ் போடறேன். மணிக்கு எவ்ளோ குடுப்பீங்கன்னு மொதல்ல சொல்லு, நம்பர் இல்லாம அவர்கிட்ட நான் பேச முடியாது.